‘எப்போதிலிருந்து?’ என்று அப்பாவிடம் கேட்டேன்

இந்த மாதத்தில் இது நான்காவது குடும்பம். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் தலையைக் குனிந்தபடி 22 வயது மகன். உட்கார்ந்ததும் அப்பா ஒரு தடித்த ஃபைலை மேசையில் வைத்தார். ஹார்மோன் பரிசோதனை, மூளை ஸ்கேன், வேறொரு மருத்துவர் எழுதிய மாத்திரைச் சீட்டுகள். “எல்லா ரிசல்ட்டும் நார்மல்னுதான் வருது டாக்டர். பையன் மட்டும்தான் நார்மலா இல்ல” என்றார்.

பையனுக்கு என்ன? தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று ஒரு நாள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அதற்கு ஆறு மாதம் மாத்திரை. இல்லாத குரல்கள் காதில் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. பகலெல்லாம் தூக்கம், உடல் எடை ஏறியது, ஒரு செமஸ்டர் போனது. ஈர்ப்பு மட்டும் இருந்தது இருந்தபடியே இருக்கிறது. எழுதிக் கொடுத்தவரும் என்னைப் போல மருத்துவம் படித்தவர் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

யாரும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வசனங்களை மாற்றத் தேவையே இருக்கவில்லை. நான்கு குடும்பங்களும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியங்களைத்தான் பேசின.

யார் வந்தாலும் மனநல மருத்துவர்களான நாங்கள் முதலில் கேட்பது, எப்போதிலிருந்து இருக்கிறது, எப்படித் தொடங்கியது, எதனால் கூடுகிறது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்பவைதான். இவற்றை மகனிடம் கேட்கச் சொல்லித்தான் அழைத்து வருகிறார்கள். இந்த முறை அப்பாவிடம் கேட்டேன். மகனைப் பார்த்தால் உங்களுக்கு வரும் இந்தக் கூச்சமும் கோபமும் எப்போதிலிருந்து?

அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. “நல்லாத்தான் இருந்தான் டாக்டர். ஹாஸ்டலுக்குப் போனப்புறம்தான் எல்லாம்” என்றார். மற்ற மூன்று வீட்டிலும் இதே கதை. ஒருவர் செல்போனைச் சொன்னார், ஒருவர் ஒரு நண்பனின் பெயரைச் சொன்னார். யாரோ கெடுத்துவிட்டார்கள்!

இந்த நம்பிக்கையைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் சொல்லும் தேதி அவர்களுக்குத் தெரியவந்த தேதி. தொடங்கிய தேதி வேறு. தனியாகப் பேசினால் பையன்கள் பெரும்பாலும் சொல்லும் வயது 11, 12, 13. அதாவது வகுப்பில் மற்ற பையன்கள் பெண்களைப் பற்றிக் கிசுகிசுக்கத் தொடங்கிய அதே வயது. இவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. சொல்ல ஆளில்லை. ஏழெட்டு ஆண்டுகள் சாப்பாட்டு மேசையில், சொந்தக்காரர் கல்யாணத்தில், டிவி முன்னால் நடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஹாஸ்டலில்தான் தன்னைப் போல இன்னொருவனைப் பார்த்தான். தான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தது. சொல்லத் தைரியம் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னான். பெற்றோருக்கோ, ஹாஸ்டலுக்குப் போனதால்தான் இவன் இப்படி ஆனான் என்று தோன்றுகிறது. இருட்டறையில் விளக்கைப் போட்டவன்தான் மேசையை உள்ளே கொண்டுவந்தான் என்று சொல்வது போல.

கூடப் பழகினால் ஒட்டிக்கொள்ளும் என்றால், இந்தப் பையனுக்கு முதலில் பெண்கள் மீதான ஈர்ப்பு அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்? வளர்த்த அம்மா அப்பா, பார்த்த படம், கேட்ட பாட்டு, படித்த பாடம் எல்லாமே ஆணும் பெண்ணும்தான். இருபது ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்தும் அது ஒட்டவில்லை. ஒரு அறைத்தோழன் ஆறு மாதத்தில் மாற்றிவிட்டானா?

பாலீர்ப்பு எதனால் அமைகிறது என்றால், ஒற்றைக் காரணம் கிடையாது. சுமார் 4,70,000 பேரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், இதுதான் என்று கைகாட்டும்படியான ஒரே மரபணு எதுவும் கிடைக்கவில்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் சிறு பங்கு. அண்ணன்மார் அதிகம் உள்ள ஆண்களிடம் தன்பாலீர்ப்பு (தன் பாலினத்தவர் மீதான ஈர்ப்பு) சற்றே கூடுதலாகக் காணப்படுவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கருவில் இருக்கும்போதே ஏதோ நடக்கிறது என்பது ஊகம். செல்லம் கொடுத்த அம்மா, கண்டிப்பான அப்பா, கெட்ட சகவாசம் ஆகியவற்றுக்கு ஆதாரம் இல்லை. தயவுசெய்து ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள்.

இதை நான் இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் உண்டு. யாரோ கெடுத்தார்கள் என்று நம்பினால், கெடுப்பவன் ஒருவன் வெளியே திரிகிறான் என்று ஆகிறது. அடுத்து ‘இவர்கள் குழந்தைகளைக் குறிவைப்பவர்கள்’ என்பதற்குப் போய்விடுவோம். வெறுப்பு தன்னைப் பாசம் என்று நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். 1994இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க மருத்துவர்கள், பெரியவர்களால் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான 269 குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். குற்றம் செய்தவர்களில் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் காணக்கூடியவர்கள் இரண்டே பேர். பெரும்பாலோர் குழந்தையின் நெருங்கிய சொந்தத்தோடு உறவில் இருந்த எதிர்பாலீர்ப்பாளர்கள். குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையைத் தவறான திசையில் திருப்பினால், அடிபடுவது குழந்தைதான்.

சரி, அடுத்த வாக்கியம். “இது இயற்கைக்கு மாறானது இல்லையா டாக்டர்?” நூற்றுக்கணக்கான விலங்கினங்களில் ஒரே பால் நெருக்கம் பதிவாகியிருக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதுதான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல், இதற்கு மரண தண்டனை விதித்து ஒரு சட்டம் வந்தது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு வந்தது. ‘இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான உடலுறவு’ என்பது அதன் வாசகம். அதே சட்டம் அதே எண்ணோடு மலேயா, சிங்கப்பூர், பர்மா என்று போனது. இலங்கையில் எண் மட்டும் 365. அதற்கு முன் இங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முகச்சுளிப்பைக் குற்றமாகவும் சிறையாகவும் ஆக்கியது அந்த வாசகம். 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல், ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியது. சட்டம் போன பிறகும் வாக்கியம் போகவில்லை. பாட்டன் காலத்தில் கோர்ட்டில் வாசித்ததை, தன் மனதில் தானாகத் தோன்றியது போல இந்த அப்பா என்னிடம் சொன்னார்.

என் துறைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு உரிமை இல்லை. மதம் பாவம் என்றது, சட்டம் குற்றம் என்றது, நாங்கள் நோய் என்றோம். 1886இல் கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் எழுதிய நூலிலிருந்து பல தலைமுறை மருத்துவர்கள் அப்படித்தான் படித்தார்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டு 1935இல் ஒரு அமெரிக்கத் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, இதை நோய் என்று வகைப்படுத்த முடியாது என்று சொன்னார். துறை அதைக் கேட்கவில்லை. ஏன் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். நாங்கள் பார்ப்பது துன்பத்தோடு வருபவர்களை மட்டும். நிம்மதியாக வாழ்பவர் ஏன் மனநல மருத்துவரிடம் வருகிறார்? கிளினிக்கிலும் சிறையிலும் இருந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, எல்லோரும் இப்படித்தான் என்று எழுதிவிட்டோம்.

ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர்தான் அதை மாற்றினார். சிகிச்சைக்கு வராத 30 தன்பாலீர்ப்பு ஆண்கள், அவர்களோடு வயதிலும் படிப்பிலும் அறிவுத்திறனிலும் ஒத்த 30 எதிர்பாலீர்ப்பு ஆண்கள். இவர்களுக்கு உளவியல் சோதனைகள் வைத்து, பெயர் சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் ஆய்வு வெளியானது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுக்க 1973 ஆனது. உலக சுகாதார நிறுவனம் எடுக்க 1990 மே 17 ஆனது. அந்த 1973 முடிவில் முன்னின்ற மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், பிற்காலத்தில் ‘சிலரை மாற்ற முடியும்’ என்று 200 பேரிடம் தொலைபேசியில் பேசி ஒரு கட்டுரை எழுதினார். 2012இல் அது தவறு என்று தன்பாலீர்ப்பாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ‘மாத்தலாமாமே டாக்டர்’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நாம் பேசும் சொற்களையும் பாருங்கள். ‘ஓரினச்சேர்க்கை’ என்கிறோம். ஒருவர் மனதில் யாரை விரும்புகிறார், யாரோடு சேர்ந்து வாழ நினைக்கிறார், யார் கைபேசியில் அழைத்தால் முகம் மலர்கிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, படுக்கையை மட்டும் காட்டும் சொல் அது. கல்யாணமான பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்கும்போது அவருடைய படுக்கையா நினைவுக்கு வருகிறது? இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வருகிறது, பின்னாலேயே அருவருப்பும் வருகிறது. தன்பாலீர்ப்பு என்று சொல்லிப் பழகுங்கள். செய்தி எழுதுபவர்களுக்கு இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

அருவருப்பு வருவதே தவறு என்பதற்குச் சான்று என்கிறார்கள். இல்லை. அருவருக்கும் திறன் பிறவியில் வரலாம், எதைப் பார்த்து என்பதைச் சுற்றியிருப்பவர்கள்தான் கற்றுத்தருகிறார்கள். பிறப்பைக் காரணம் காட்டி இன்னொரு மனிதரைத் தொடக் கூசியவர்களுக்கும் அந்தக் கூச்சம் இயல்பானதாகத்தான் தெரிந்தது.

இன்னொரு பக்கம், ‘வெறுப்பவன் எல்லாம் உள்ளுக்குள் அவனே அப்படித்தான்’ என்று சமூக ஊடகத்தில் எழுதுகிறார்கள். 1996இல் 64 ஆண்களை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வு அதற்கு ஆதாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய கூரையை அந்த ஒரு கம்பம் தாங்காது. தவிர, அடிப்பவரும் அவர்களில் ஒருவர்தான் என்று சொல்லி மற்றவர்கள் கைகழுவிக்கொள்வதற்கும் அது வழிசெய்கிறது. தன்பாலீர்ப்பாளர் மீதான பயத்தையும் வெறுப்பையும் குறிக்கும் ‘ஹோமோஃபோபியா’ என்ற சொல்லை உளவியலாளர் ஜார்ஜ் வைன்பெர்க் 1972இல் தன் நூல் வழியே பரவலாக்கினார். நல்ல சொல்தான், ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. உயரத்துக்குப் பயப்படுபவர் தன் பயம் அதிகப்படி என்று அறிந்து உதவி கேட்கிறார். இந்தப் பயம் உள்ளவர் தன்னை விட்டுவிட்டு மகனை அழைத்து வருகிறார்.

அந்த அப்பா மூன்றாவது முறை தனியாக வந்தபோதுதான் என் கேள்விக்குப் பதில் சொன்னார். அவருக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் ஒரு பையன், நடை கொஞ்சம் மென்மையாக இருக்கும். எல்லோரும் ‘பொட்டை’ என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் பள்ளிக்குப் பின்னால் அவன் சட்டையைக் கிழித்து அடித்தார்கள். ஆசிரியர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். “நான் சிரிக்கலேன்னா அடுத்தது நானுன்னு தெரியும் டாக்டர்.”

அந்தப் பையனுக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடித்தவர்களுக்கு அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவன் நடையே போதுமானதாக இருந்தது. ஒரு ஆணை அவமானப்படுத்த நமக்கு முதலில் வாயில் வருவது பெண்ணைக் குறிக்கும் சொல் என்பதைக் கவனியுங்கள். பெண் ஒரு படி கீழே என்று நம்பும் வீட்டில், ஆண் ‘கீழே இறங்குவது’ பொறுக்க முடியாததாகிறது. நான் பார்த்தவரை ஆணிவேர் இதுதான். பாவம், குற்றம், நோய் எல்லாம் பிறகு வந்து சேர்ந்த மண். (மகள்களை என்னிடம் அழைத்து வருவது குறைவு. அவர்களுக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்துவிடுகிறது. பத்தாண்டு கழித்து மனச்சோர்வு என்று கையில் குழந்தையோடு வருகிறார்கள்.)

“என் பையனையும் அப்படி அடிப்பாங்களே” என்று அவர் அழுதார். ஃபைலுக்கு அடியில் ஆறு மாதமாக இருந்தது அந்தப் பயம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சொன்னால் முதல் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றால் “என்கிட்ட சொன்னியே, நல்லது” என்பது போதும். ஹார்மோன் டெஸ்ட், ஸ்கேன் வேண்டாம், அதில் பார்க்க எதுவும் இல்லை. போனைப் பிடுங்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். பிள்ளையைக் கேட்காமல் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ சொல்லாதீர்கள். அது அவர்களுடைய செய்தி, உங்களுடையது அல்ல. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு தவறும் செய்யாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்து எடுக்கிறீர்கள். மாற்றித்தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. சக மருத்துவர்களே, தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால், இருந்து என்ன பயன் என்பது போல ஒரு வார்த்தை சொன்னால், அன்றைக்கே மனநல உதவிக்கு அழைத்துப் போங்கள். சிகிச்சை அந்தத் துயரத்துக்கு, ஈர்ப்புக்கு அல்ல. ஆசிரியர்கள், வகுப்பில் அந்தப் பட்டப்பெயர் கேட்கும்போது ஒரே ஒரு முறை “நிறுத்து” என்று சொல்லுங்கள். பின் வரிசையில் இருப்பவனுக்கு அது வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

பையனின் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்டியிருக்கிறான். அவனுக்கு என்னிடம் இப்போது ஃபைல் எதுவும் இல்லை. அப்பாவுக்கு ஒன்று திறந்திருக்கிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வருகிறார்.