மாலாக் நல் கொடுத்தால் முதலில் ரேமைச் சந்தேகிக்காதீர்கள்

"அண்ணா, மாலாக் நல் குடுக்குது. ரேம் பத்தல போல, ஏத்தச் சொல்லிடவா?" என்று குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான். சி மொழியில் மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்தான் மாலாக். கொடுக்க முடியாவிட்டால் நல், அதாவது வெற்று முகவரி, தரும். சர்வரில் 64 ஜிபி இருந்தது. பாதிகூடச் செலவாகவில்லை. "எத்தனை பைட் கேக்குறேன்னு பிரிண்ட் போட்டுப் பாரு" என்றேன். வந்த எண் 18446744071914584320.

ஸ்கேன் செய்த வரைபடம் அது. அகலம் 50000 பிக்சல், உயரமும் 50000. இரண்டும் இன்ட் என்ற முழு எண் வகை. பெருக்கினால் 250 கோடி. 32 பிட் இன்ட் தாங்குவதோ 214 கோடியே சொச்சம். வழிந்து மைனஸுக்குப் போன எண், மைனஸே இல்லாத 64 பிட் எண் வகையான சைஸ்_டி ஆக மாறும்போது இப்படிப் பூதமாகிவிட்டது. பெருக்குவதற்கு முன்பே ஒன்றை சைஸ்_டி ஆக்கினோம், சரியாயிற்று. பெருக்கிய பிறகு மாற்றினால் பலனில்லை. இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

இதைவிடக் கொடியது, மாலாக்கையோ, வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் ஃப்ரீயையோ அழைக்கும் வரியிலேயே புரோகிராம் விழுவது. அந்த வரியை எத்தனை நாள் முறைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அதில் குற்றம் இருக்காது. வேறெங்கோ யாரோ வாங்கிய இடத்தின் எல்லை தாண்டி எழுதியிருப்பார்கள். 'தமிழரசன்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் எட்டுக் குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. ஸ்ட்ரிங் நீளத்தை மட்டும் மாலாக்கிடம் கேட்டு, முடிவில் வரும் பூஜ்ஜியத்துக்கு ஒன்று கூட்ட மறந்தால், 25ஆவது பைட் அடுத்த மெமரித் துண்டின் அளவுக் குறிப்பில் போய் விழும். பின்னால் மாலாக்கோ ஃப்ரீயோ அந்தக் குறிப்பைப் படிக்கும்போது புரோகிராம் விழலாம். 64 பிட் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 24 கேட்டால் சரியாக 24தான் தரும். 'கண்ணகி' என்றால் 18 பைட். அதற்கும் 24 கிடைப்பதால் தப்பு வெளியே தெரியாது. டெஸ்டில் ஓடியது வாடிக்கையாளரிடம் விழுவது இப்படித்தான். மெமரித் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரைப் போட்டுக் கம்பைல் செய்தால், எழுதிய வரியையே காட்டிக்கொடுக்கும். மறுபடி கம்பைல் செய்ய வழியில்லையென்றால், அதே வேலைக்கு வால்கிரிண்ட் என்ற கருவி. மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக் தரும் விடையை, முகவரியை வைத்திருக்கும் பழைய பாயின்டரிலேயே வாங்காதீர்கள். நல் வந்தால் பழைய இடத்தின் முகவரியும் கையைவிட்டுப் போய்விடும்.

உண்மையிலேயே ரேம் தீர்ந்தால்? லினக்ஸில் பெரும்பாலும் மாலாக் நல் தராது. சரி என்று முகவரியைக் கொடுத்துவிடும். அந்தப் பக்கங்களில் எழுதப் போகும்போதுதான் நிஜ ரேம் தேவைப்படும். அது இல்லையென்றால், லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஓஓஎம் கில்லர், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸைத் தேர்ந்து கொன்றுவிடும். உங்கள் நல் சோதனைக்கு அங்கே வேலையே வராது. எந்தச் செய்தியும் சொல்லாமல் புரோகிராம் மறைந்துபோனால், கோட் ஃபைலைத் திறப்பதற்கு முன் கெர்னல் எழுதிவைக்கும் லாகைப் பாருங்கள். கொல்லப்பட்ட பிராசஸின் பெயரும், அது பிடித்திருந்த மெமரியும் அங்கே இருக்கும்.