டாகெரோடைப்: கண்ணாடிப் படம் அன்று, வெள்ளித்தகட்டுப் படம்

பழைய உருவப்படங்களைச் சேகரிப்போருக்காகத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில், தொடக்ககால ஒளிப்பட முறை ஒன்றின் பெயரான டாகெரோடைப் என்ற சொல்லுக்குக் 'கண்ணாடிப் படம்' என்ற பெயரே நிலைபெற்று வருகிறது. அண்மையில் அதை மறுபடியும் படித்தேன். 1840-களில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே 'கண்ணாடியில் பதிந்த முகம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த முகம் கண்ணாடியில் பதியவில்லை. மேலே இருக்கும் கண்ணாடி, தூசும் விரலும் படாமல் காக்கும் மூடி. முகம் இருப்பது அதற்கு அடியில், வெள்ளி ஏற்றிய செப்புத் தகட்டில். மூடியின் பெயரை உள்ளிருக்கும் பொருளுக்குச் சூட்டிய இந்த வழக்கு அகராதிக்குள் ஏறுவதற்கு முன்னால் மறுப்பைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. முன்பாதி, இந்த முறையை உலகுக்குத் தந்த லூயி டாகெர் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். பின்பாதியான 'டைப்', அடி, அடியால் விழுந்த தடம், முத்திரை என்ற பொருள்களைத் தரும் 'டூபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. டாகெரின் முறையில் விழுந்த பதிவு என்பதே சொற்பொருள். 'வகை' என்பது பின்னாளில் சேர்ந்த பொருள். அதை எண்ணிப் பாராமல் 'டாகெரோ வகைப் படம்' என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். கேலோடைப், ஆம்ப்ரோடைப், டின்டைப் ஆகிய பிற பழைய ஒளிப்பட முறைகளின் பெயர்கள் எல்லாவற்றிலும் வால் இதுவே, பொருளும் பதிவு என்பதே. டாகெரோடு கூட்டுச் சேர்ந்து உழைத்த நிசெஃபோர் நியெப்ஸ் 1833-இலேயே இறந்துபோனதால், சொல்லில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

1839 ஜனவரி 7 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஃபிரான்சுவா அராகோ இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். செய்முறை அதே ஆண்டு ஆகஸ்டு 19 அன்று வெளியிடப்பட்டது. செப்புத் தகட்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய வெள்ளிப் படலத்தை ஏற்றி, முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்கு அதை மெருகிடுவார்கள். அயோடின் ஆவியில் காட்டியதும் வெள்ளியின் மேற்பரப்பு ஒளியை உணரும் தன்மை பெறும். கேமராவில் வைத்து எடுத்த பிறகு, சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் தகட்டைக் காட்டினால், ஒளி பட்ட இடங்களில் மட்டும் பாதரசமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் வெண்ணிறமாகப் படியும். மிஞ்சிய அயோடைடை ஹைப்போக் கரைசலில் கழுவிவிட்டால் படம் நிற்கும். 1840-இல் இப்போலித் ஃபிஸோ பொன் குளோரைடு கரைசலால் படத்துக்கு உறுதியும் கூடுதல் ஒளியும் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இத்தனை கட்டங்களில் எதிலும் படம் தாங்கும் தளமாகக் கண்ணாடி வருவதில்லை. எல்லாம் முடிந்த பின்னர், தகட்டின் மேல் பித்தளை முகப்பு ஒன்றை வைத்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, மூன்றையும் ஓரங்களில் தாள் ஒட்டிக் காற்றுப் புகாமல் கட்டி, கீல் வைத்த சிறு பேழைக்குள் பொருத்துகிறபோதுதான் கண்ணாடிக்கு வேலை வருகிறது.

என்னிடம் உள்ள ஒரு படத்தைச் சொன்னால் விளங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் தோல் போர்த்த மரப்பேழை அது. கொக்கியை நீக்கித் திறந்தால் இடப்பக்கம் வெல்வெட் மெத்தை, வலப்பக்கம் படம். நேராகப் பிடித்தால் அதில் தெரிவது என் முகம்தான். எதிரே கருந்துணி ஒன்று இருக்கும்படி சற்றுச் சாய்த்தால் என் முகம் விலகி, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர் எழுந்து வருகிறார். இமை மயிரும் சட்டைத் துணியின் நெசவும் பூதக்கண்ணாடியில் பிரிந்து தெரிகின்றன. இன்னும் ஓர் இழை சாய்த்தால் வெளுப்பும் கருப்பும் இடம் மாறி, அவர் நெகட்டிவாகிவிடுகிறார். இந்தத் தகடுகளில் பெரும்பாலும் நேர்வதுபோல, சட்டையின் பொத்தான் வரிசையும் இடவலம் மாறியே இருக்கிறது. பிரதி எடுக்க வழியில்லை. அந்த மனிதரின் முன்னால் அன்று இருந்த தகடு இதுதான், இது ஒன்றுதான்.

'கண்ணாடிப் படம்' என்பதற்காக வாதாடுவோர் இந்த இயல்பையே காட்டுகிறார்கள். கண்ணாடி என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியும்தானே, படம் தன்னைப் பார்ப்பவரையே பிரதிபலிக்கும்போது பெயரில் என்ன குறை என்று கேட்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் 1859-இல் இதை 'நினைவாற்றல் உள்ள கண்ணாடி' என்று எழுதியதையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஹோம்ஸ் எழுதியது உவமை; உவமையாக அது மிக அழகானது. அவருடைய மொழியில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சொல்லும், கண்ணாடி என்ற பொருளுக்கு வேறொரு சொல்லும் இருப்பதால் அங்கே குழப்பம் எழவில்லை. தமிழில் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. அப்படிச் சுமக்கும் சொல், இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக நிற்கும்போது எந்தப் பொருளைத் தருகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடி வளையல், கண்ணாடிக் குவளை, கண்ணாடிக் கதவு ஆகியவற்றைக் கேட்கும் எவரும் கண்ணாடியால் ஆனவை என்றே கொள்வார். முகம் பார்க்கும் வளையல் என்று ஒருவரும் கொள்ள மாட்டார். கண்ணாடி ஓவியம் என்றால் கண்ணாடியின் மேல் தீட்டிய ஓவியம். ஆகவே கண்ணாடிப் படம் என்று படிக்கிறவர் கண்ணாடியின் மேல் உள்ள படம் என்று கொள்வது அவர் தவறன்று. தமிழ் அவரை அங்கேதான் அழைத்துச் செல்கிறது.

அதைவிடப் பெரிய இடர், கண்ணாடியில் பதிந்த படம் என்று உண்மையாகவே ஒன்று இருப்பது. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலிருந்து, அதாவது கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் முறையிலிருந்து, பிறந்தது ஆம்ப்ரோடைப். 1854-இல் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் கட்டிங் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் எடுத்த மெல்லிய நெகட்டிவுக்குப் பின்னால் கருஞ்சாயமோ கருந்துணியோ வைத்தால் அது பாசிட்டிவாகத் தெரியும் என்பதே அதன் நுட்பம். அதே அளவுப் பேழை, அதே பித்தளை முகப்பு, அதே வெல்வெட் என்று வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருப்பதால், சேகரிப்பவர் முதலில் கற்க வேண்டிய பாடமே இவை இரண்டையும் பிரித்தறிவதுதான். சாய்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னிப் படம் மறைந்தால் டாகெரோடைப். எப்படிச் சாய்த்தாலும் பாசிட்டிவாகவே மங்கி நின்றால் ஆம்ப்ரோடைப். கண்ணாடிப் படம் என்ற பெயரை முன்னதற்குச் செலவழித்துவிட்டால் பின்னதை என்னவென்று அழைப்பது? ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்த நெருக்கடியில், ஆம்ப்ரோடைப்பின் கிரேக்க வேருக்கு அழியாதது என்று பொருள் இருப்பதைக் கண்டு 'அழியாப் படம்' என்று ஆக்கியிருந்தார். வேர் சரி. ஆனால் எளிதில் உடையும் ஒரு பொருளை அழியாதது என்று சொன்னால், கையில் வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் என்ன உதவி செய்யும்?

பெயர் பிழையானால் பொருள் கெடும் என்பதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். சேகரிப்பில் புதிதாக இறங்கிய நண்பர் ஒருவர், ஓரங்களில் நீலமும் பழுப்புமாக மங்கியிருந்த ஒரு டாகெரோடைப்பை வாங்கினார். கண்ணாடிப் படம் என்று படித்திருந்தவர், பேழையைப் பிரித்து, கண்ணாடியைத் துடைப்பதுபோல ஈரப் பஞ்சால் தகட்டைத் துடைத்துவிட்டார். படம் என்பது தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்துகள்களே. விரல் உரசினாலே அவை போய்விடும். பஞ்சு சென்ற வழியில் கன்னமும் ஒரு கண்ணும் போய், பளிச்சென்ற வெள்ளி மட்டும் மிஞ்சியது. அந்த நிறமாற்றம் அழுக்கே அன்று; காற்றில் உள்ள கந்தகத்தால் வெள்ளி கறுத்ததன் அடையாளம். வீட்டு வெள்ளிப் பாத்திரம் கறுப்பதைப் பார்த்திருக்கும் எவருக்கும், இது வெள்ளித் தகடு என்று பெயரே சொல்லியிருந்தால், காரணம் நொடியில் புரிந்திருக்கும்.

தனித்தமிழ் ஆர்வலர் சிலர் 'ஆடிப்படம்' என்ற ஆக்கத்தை முன்வைக்கிறார்கள். இதை நான் எளிதில் தள்ளவில்லை. ஆடி என்பது முகம் பார்க்கும் கண்ணாடிக்கு நம் பழஞ்சொல். கண்ணாடியில் தெரியும் உருவத்தை ஆடிப்பாவை என்று குறுந்தொகை சொல்கிறது. இடவலம் மாறுவதும், பார்ப்பவர் முகம் தெரிவதும் ஆகிய இரண்டையும் அந்த ஒரு சொல் அடக்கிவிடும். ஆயினும் இன்றைய வாசகருக்கு ஆடி முதலில் ஒரு மாதம். அதை விட்டால் குழியாடி, குவியாடி என்று பள்ளி இயற்பியலில் படித்த சொல். ஆடிப்படம் என்பதற்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். கவிதையில் ஆளத்தக்க சொல்; பொருளின் பின்புறம் ஒட்டும் சீட்டுக்கு ஆகாது. 'பாதரசப் படம்' செய்முறையின் ஒரு கட்டத்தை மட்டும் சொல்கிறது. 'வெள்ளிப் படம்' என்றால், பின்னாளைய கருப்புவெள்ளைத் தாள் படங்களிலும் வெள்ளிதானே இருக்கிறது என்ற கேள்வி எழும்.

ஆகவே 'வெள்ளித்தகட்டுப் படம்' என்பதே என் முடிவு. தகடு முழுதும் வெள்ளியன்று, செம்புதானே என்ற தடை நியாயமானது. தகடு செய்தோர் ஓரத்தில் குத்திய முத்திரையில் 40 என்ற எண் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கே வெள்ளி என்று பொருள். ஆனால் படம் தங்குவது அந்த ஒரு பங்கில். செம்பு அதைத் தாங்கும் முதுகு. படம் எதன்மேல் நிற்கிறதோ அதைச் சொல்வதே பெயரின் கடமை என்று கொண்டால், உடன்பிறப்புகளுக்கும் பெயர்கள் தாமாகவே அமைகின்றன. ஆம்ப்ரோடைப், கண்ணாடித்தகட்டுப் படம். 1856-இல் ஹாமில்டன் ஸ்மித் காப்புரிமை பெற்ற டின்டைப், இரும்புத்தகட்டுப் படம். இந்த மூன்றாவதைத் 'தகரப் படம்' என்று எழுதுகிறார்கள். கருமெருகு பூசிய மெல்லிய இரும்புத் தகடு அது, காந்தம் ஒட்டும். தகரம் அதில் இல்லை. மூலப்பெயரே பிழையான பேச்சு வழக்கு, அந்தப் பிழையை நாமும் மெனக்கெட்டுப் பெயர்க்க வேண்டியதில்லை. மூன்றையும் சேர்த்துச் சொல்லப் பேழைப் படம் போதும். 'உறைப் படம்' என்றால் தபால் உறைதான் நினைவுக்கு வருகிறது.

சிக்கல் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பாராமல் அகராதியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால் வரும் கேடு இது. பேழைப் படங்களின் அளவுகளை முழுத்தகடு, அரைத்தகடு, கால்தகடு என்று பகுப்பார்கள். முழுத்தகடு 6½ அங்குல அகலமும் 8½ அங்குல உயரமும் கொண்டது. மிகுதியாகக் கிடைப்பது 2¾ அங்குலத்துக்கு 3¼ அங்குலம் உள்ள ஆறிலொரு தகடு. இதை 'ஆறாவது தட்டு' என்று ஒரு குறிப்பில் படித்தபோது, மற்ற ஐந்தும் எங்கே என்று ஒருவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். பின்னத்தை வரிசை எண்ணாக்கியதும், தகட்டைச் சோற்றுத் தட்டாக்கியதும் ஒரே வரியில். படத்தைச் சூழ்ந்த பித்தளை முகப்புக்குச் சேகரிப்பாளர் வழக்கில் 'மேட்' என்று பெயர். அதைப் 'பித்தளைப் பாய்' என்று பெயர்த்திருந்தார்கள். முகப்பையும் கண்ணாடியையும் சேர்த்து வளைத்துப் பிடிக்கும் மெல்லிய விளிம்புத் தகட்டின் பெயரான 'பிரிசர்வர்', ஊறுகாய்க்குச் சொல்வதுபோல் 'பதப்படுத்தி' ஆகியிருந்தது.

டாகெரோடைப் என்ற ஒலிபெயர்ப்பை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. படத்தோடு கிடைக்கும் உதிரித் தாள்களில், அதாவது படக்காரர் அச்சிட்ட விளம்பரச் சீட்டு, பற்றுச்சீட்டு, பேழையின் உள்ளே ஒட்டிய முகவரித் துண்டு ஆகியவற்றில் அந்தப் பெயர்தான் இருக்கும். படமெடுப்பவரையே டாகெரின் பெயரால் அழைத்த காலம் அது. அந்தத் தாள்களைப் படத்தோடு பொருத்திப் பார்க்க மூலப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். எனவே முதலில் தமிழ்ப்பெயரும் அடுத்து ஒலிபெயர்ப்புமாக எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே சொன்ன முதியவரின் பேழைக்கு நான் எழுதி வைத்திருக்கும் சீட்டு இது: 'வெள்ளித்தகட்டுப் படம், டாகெரோடைப். ஆறிலொரு தகடு. முதியவர், அமர்ந்த நிலை, இடவலம் மாறியது. பித்தளை முகப்பின் ஓரமாக வெள்ளி கறுத்துள்ளது, துடைக்கக் கூடாது.'