பழைய டயரும் புளியங்கொட்டையும்: பிள்ளைகளுக்குப் பந்தெறியப் பழக்குவது பற்றி

போன ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரத்தில் ஒரு தந்தை தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்கு 13 வயது. கோடை விடுமுறை முழுக்கக் கிரிக்கெட் பயிற்சி முகாமில் இருந்தவன். வலது முழங்கையின் உள்பக்கம் வலி. என்ன வலி, எப்போதிருந்து என்று நான் கேட்பதற்கு முன்பே தந்தை ஒரு பையைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை மேசைமேல் எடுத்து வைத்தார். முழங்கையை ஒரே கோணத்தில் வளைத்துப் பிடிக்கும் பட்டை ஒன்று. மணல் நிரப்பிய எடைப் பந்துகள் ஆறு. கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் குழாய்.

"எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியது சார். தினமும் சாயங்காலம் நானே கூட நின்று பழக்கினேன்" என்றார்.

பையனின் முழங்கையைப் பிடித்து, உள்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. தந்தை அந்தப் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் பேசவில்லை.

பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களின் எலும்பைப் போன்றது அல்ல. அந்தத் துருத்திய முனை, குருத்தெலும்பாலான ஒரு வளர்ச்சித் தட்டு வழியாகத்தான் கை எலும்போடு சேர்ந்திருக்கும். பையன்களுக்கு 15 முதல் 17 வயது வாக்கில்தான் அது எலும்பாக இறுகும். மணிக்கட்டை மடக்கும் தசைகளும், முழங்கையின் உள்பக்கத்தைத் தாங்கும் தசைநாரும் அந்த முனையில்தான் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு முறை வேகமாக எறியும்போதும் அந்த இடம் பிடுங்கப்படுகிறது. வளர்ந்தவர்களுக்குத் தசைநார் கிழியும்; பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். பேஸ்பால் ஆடும் அமெரிக்கச் சிறுவர்களிடம் அதிகம் பார்த்ததால் அங்கே இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்று பெயர். பாளையங்கோட்டையிலும் இது வருகிறது, பெயர் தெரியாமலே. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெற்றோரும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களும், பயிற்சியாளர்களும் பந்தெறிதலுக்கான பயிற்சிக் கருவிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எது நல்லது, எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் கையைத் திருத்தவே செய்யப்பட்டிருக்கின்றன. எறிதலிலோ கை கடைசியாக வருவது.

கவணை நினைத்துப் பாருங்கள். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நம் மண்ணில் இருக்கிற பொருள். கல்லை வைத்துச் சுழற்றும்போது வார் முன்னே இழுக்க, கல் பின்தங்கி, கடைசி நொடியில்தான் பாய்கிறது. நம் உடம்பும் அப்படியே எறிகிறது. முன்கால் தரையில் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, மார்பு திரும்புகிறது, தோள் வருகிறது, முழங்கை வருகிறது, கடைசியில் விரல்கள். ஒன்று திரும்பும்போது அடுத்தது சற்றுப் பின்தங்க வேண்டும். அந்தப் பின்தங்கலில்தான் விசை சேர்கிறது. கைதேர்ந்த பேஸ்பால் வீரர் எறியும்போது மேற்கை எலும்பு உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி. நொடிக்குப் பத்தொன்பது, இருபது சுற்றுச் சுற்றும் வேகம் அது. கை ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை, கணத்தில் முடிந்துவிடுகிறது. இந்த வேகத்தைத் தோள் தசை மட்டும் தந்துவிட முடியாது. காலும் இடுப்பும் தராததைத் தோளிடமும் முழங்கையிடமும் கேட்டால், அவை கொஞ்ச நாள் கொடுத்துவிட்டுப் பிறகு வலிக்கத் தொடங்கும்.

கிரிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பந்து வீசும்போது முழங்கையை நீட்டு, மடக்காதே என்று பிள்ளைக்கு நூறு முறை சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லத்தான் வேண்டும்; மடங்கிய முழங்கையை வீசும்போது நீட்டக் கூடாது என்பது விதி. ஆனால் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளருக்கு எறியும்போது முழங்கை மடங்கியே ஆக வேண்டும், ஏறத்தாழத் தோள் உயரத்துக்கு எழும்பவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு அசைவு என்று யாரும் பிரித்துச் சொல்லாததால், விறைத்த கையைச் சுற்றி வளைத்து எறியும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பந்து எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பட்டைக்கு வருகிறேன். முழங்கையை 90 டிகிரியில் கட்டிவைத்தால் சரியான கோணம் பழகிவிடும் என்பது அதை விற்கிறவர்களின் வாதம். எறியும்போது முழங்கை எந்தக் கோணத்திலும் நிற்பதில்லை. மடங்குகிறது, அப்புறம் சட்டென்று நீள்கிறது. அந்த நீட்சியைத் தடுத்தால் உடம்பு வேறு வழி தேடும். இந்தப் பையன் தோளை முன்னே குத்தி, முதுகைச் சாய்த்து எறியக் கற்றுக்கொண்டிருந்தான். பட்டையைக் கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அசைவைக் கட்டிப்போடும் எந்தக் கருவியையும் பிள்ளைகளுக்கு வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எடைப் பந்துகள் இன்னும் கவலை தருகின்றன. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 18 வயது வரையிலான 38 பேஸ்பால் வீரர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை மட்டும் ஆறு வாரம் எடைப் பந்துகளால் பழக்கினார்கள். பந்துகள் 57 கிராமிலிருந்து 900 கிராம் வரை. அவர்களின் வேகம் 3.3 சதவீதம் கூடியது. அதே பிரிவில் 24 சதவீதம் பேருக்குக் காயமும் ஏற்பட்டது. விளம்பரத்தில் முதல் எண் மட்டும்தான் வரும். வேகம் கூடும் என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை என்பதால்தான் இதை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளர்ச்சித் தட்டு இறுகாத பிள்ளைக்கு அந்த வேகம் வேண்டாம்.

இன்னும் சொல்லப்போனால், நம் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே எடைப் பந்தைத்தான் எறிகிறார்கள். ஆண்கள் ஆடும் தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். பத்து வயதுப் பையன் கையில் பெரியவர்கள் பந்தைக் கொடுத்து, பெரியவர்கள் மைதானத்தின் எல்லைக்கோட்டில் நிறுத்தி, "நேராகப் போடு" என்று கத்தினால், பாவம், அவன் முழங்கை என்ன செய்யும்? சிறு பந்து, கிட்டத்து இலக்கு. இந்த இரண்டையும் விடப் பெரிய பயிற்சிக் கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

ஆறு வாரம் கழித்துப் பையன் திரும்பி வந்தான். எறிதலை முதலிலிருந்து தொடங்கினோம்.

முதல் நாள் தந்தையிடம் பந்தைக் கொடுத்து, பழக்கமில்லாத இடக்கையால் எறியச் சொன்னேன். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து முன்னே போயின, இடுப்பு திரும்பவே இல்லை, பந்து பத்தடியில் விழுந்தது. பழகாத உடம்பு அப்படித்தான் எறியும். இதைச் செய்து காட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்ற பிறகு, மகள்களைக் கிரிக்கெட்டில் சேர்க்கும் பெற்றோர் என்னிடமும் வருகிறார்கள். அவர்களிலேயே சிலர் "பெண்பிள்ளை மாதிரி எறிகிறாள்" என்கிறார்கள். மாங்காய்க்குக் கல்லெறியவும், குளத்தில் ஓட்டுச்சில்லைத் தத்தித் தத்திப் போகவிடவும் அந்தப் பெண்ணை யார் விட்டார்கள்? அப்பாவின் இடக்கையும் மகளின் வலக்கையும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. பழகினால் வரும்.

அடுத்தது கோலப்பொடி. இலக்கை நோக்கித் தரையில் நேராக ஒரு கோடு இழுத்தேன். கோட்டின்மேல் பக்கவாட்டில் நின்று எறியச் சொல்லி, முன்கால் எங்கே விழுகிறது என்று பார்த்தோம். பையனின் இடது பாதம் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. மறுபடி எறிந்தான், அதே இடம். கால் குறுக்கே விழுந்தால் இடுப்புத் திரும்ப வழியில்லை. கை உடம்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும், முழங்கையின் உள்பக்கம் பிடுங்கப்படும். மேசைமேல் பரப்பியிருந்த அத்தனை கருவிகளும் காட்டாததை ஒரு கைப்பிடிக் கோலப்பொடி காட்டிவிட்டது. தந்தை குனிந்து அந்தக் காலடித் தடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

மூன்றாவது, நம் தெருக் கிரிக்கெட்டிலேயே இருக்கிற பொருள். டென்னிஸ் பந்தின் நடுவே ஒரு சுற்று மட்டும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்த டேப்பின் நீளவாக்கில் வைத்து, கட்டைவிரலை அடியில் கொடுத்து எறியச் சொல்லுங்கள். விரல்கள் பந்துக்குப் பின்னாலிருந்து நேராக உருட்டிவிட்டால் பந்து பின்சுழற்சியோடு போகும். டேப் ஒரே சிவப்புக் கோடாக அசையாமல் தெரியும். மணிக்கட்டு பக்கவாட்டில் வெட்டினால் கோடு நெளியும். யாரும் திட்டாமலே தவறு தெரிந்துவிடுகிறது, அதுவும் எறிந்தவனுக்கே முதலில் தெரிகிறது. தோல் பந்துக்கு மாறும்போது விரல்களைத் தையலுக்குக் குறுக்கே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு டயர். மைதானத்து வேப்பமரக் கிளையில் ஒரு பழைய சைக்கிள் டயரை மார்பு உயரத்தில் கட்டினோம். பத்து மீட்டர் தூரம். "டயருக்குள் போடு" என்பதைத் தவிர நான் வேறொன்றும் சொல்லவில்லை. முழங்கையைத் தூக்கு, தோளைத் திருப்பு என்று உடம்பின் உறுப்புகளைப் பெயர் சொல்லித் திருத்தும்போது அசைவு விறைத்துப்போகிறது. இலக்கின்மேல் கவனம் வைத்தால் உடம்பு தானே ஒழுங்குபடுகிறது. கேப்ரியேல் உல்ஃப் முதலான ஆய்வாளர்கள் இதைப் பல விளையாட்டுகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் மைதானத்தில் கண்டதும் அதுவே. முதல் இருபது பந்துகளில் நான்கு உள்ளே போயின. மூன்றாவது வாரம் பதினொன்று. தூரத்தை அதன் பிறகுதான் கூட்டினோம்.

கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுப்பது நல்லது. வாரம் ஒரு முறை போதும். பக்கத்திலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. ஒவ்வொரு எறிக்கும் படம் காட்டினால் பிள்ளை எறிவதை விட்டுவிட்டுப் படம் பார்க்கத் தொடங்கிவிடுவான். துண்டின் நுனியை விரலில் பிடித்து வீசும் பயிற்சி காயத்திலிருந்து மீளும்போது உதவும், பந்துக்கு ஈடாகாது. ஒரு முழங்காலில் மண்டியிட்டு எறிவது கையின் பாதையை உணர ஐந்து நிமிடம் செய்யலாம். தினமும் அதையே செய்தால் காலின் வேலை மறந்துபோகும். ரப்பர் குழாய் தோளின் பின்தசைகளைச் சூடேற்ற மிக நல்லது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எறிவதுபோல் இழுப்பது கூடாது. பயிற்சியாளர்கள் மட்டையாளருக்குப் பந்துபோடப் பயன்படுத்தும் அந்த நீண்ட கரண்டி போன்ற கோல் அவர்கள் தோளைக் காப்பாற்றும் கருவி. பிள்ளைகளுக்கு எறியப் பழக்கும் கருவி அல்ல.

எவ்வளவு எறிகிறோம் என்பதை எண்ணுவதில்தான் நம்மவர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது, அதாவது மட்டையாளருக்கு எறியக் கூடாது என்று 2014இல் வழிகாட்டு விதியே வகுத்தார்கள். கிரிக்கெட்டில் ஓவரை எண்ணுகிறோம். ஃபீல்டிங் பயிற்சியில் எத்தனை முறை எறிந்தான் என்று நம் மைதானங்களில் எண்ணுகிறவரை நான் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவின் முன்னணிக் கிரிக்கெட் வீரர்களை வைத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 75 எறிகளைத் தாண்டியவர்களுக்குக் காயத்தின் வாய்ப்பு கூடியது தெரிந்தது. வளர்ந்து உறுதிப்பட்ட உடம்புக்கே அந்தக் கணக்கு. கோடை முகாமில் நம் பையன்கள் ஒரே காலையில் அதைத் தாண்டிவிடுகிறார்கள். முகாமில் ஒரு நாளைக்கு எத்தனை முறை எறிந்தாய் என்று கேட்டபோது அந்தப் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நிறைய சார்" என்றான்.

முழு வேகத்தில் வாரம் மூன்று நாள், நாளைக்கு இருபதுக்கு மேல் வேண்டாம் என்று அவனுக்கு வரையறை வைத்தேன். அவன் பாட்டி இருபது புளியங்கொட்டைகளை எண்ணிக் கொடுத்தனுப்பினார். எறியும்போதெல்லாம் ஒன்றை வலது சட்டைப்பையிலிருந்து எடுத்து இடதுக்கு மாற்றுகிறான். பை காலியானதும் மீதி நேரம் பந்து பொறுக்குகிறான், இல்லை கீப்பர் நிற்கிறான். போன வாரம் பார்த்தபோது அவன் குழுவில் இன்னும் நான்கு பிள்ளைகளின் பைகளில் புளியங்கொட்டை இருந்தது. பயிற்சியாளரும் சம்மதித்துவிட்டார்.