செகண்ட் லைஃபின் ‘கிரிட்’ எந்தக் கிரிட்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டான். ஆளுக்கோர் உருவம் எடுத்து உலாவும் செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகம். “அங்கிள், செகண்ட் லைஃப் உலகத்தையே ‘கிரிட்’ என்றுதான் சொல்கிறார்கள். அப்போது அது கிரிட் கம்ப்யூட்டிங்தானே? புராஜெக்டில் அப்படி எழுதலாமா?” எழுதாதே என்றேன். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

பலருடைய கணினிகளை இணைத்து ஒரே கணினி போல வேலை வாங்குவது கிரிட் கம்ப்யூட்டிங். அந்தப் பெயர், ‘கிரிட்’ எனப்படும் மின்கட்டமைப்பிடம் கடன் வாங்கியது. 2022இல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. கம்பிகள் வெவ்வேறு நாட்டாருடையவை. ஆனாலும் சுவிட்சைப் போடுகிறவர் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. கணினிகளுக்கும் கணினி அறிவியலாளர் இயன் ஃபாஸ்டர் 2002இல் இதே போல மூன்று சோதனைகள் வைத்தார். வளங்கள் ஒரே தலைமையின் கீழ் இருக்கக் கூடாது; திறந்த, பொதுவான நெறிமுறைகளில் பேச வேண்டும்; சேர்ந்து செய்வதால் கிடைக்கும் சேவை, தனித்தனியாகச் செய்வதைவிடக் கணிசமாக மேலாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் தரவை சுமார் 40 நாடுகளில் உள்ள கணினி மையங்கள் பங்கிட்டு அலசுவது அசல் கிரிட்.

செகண்ட் லைஃபை 2003இல் லிண்டன் லேப் என்ற நிறுவனம் தொடங்கியது. அதன் நிலம் 256 மீட்டர் பக்கமுள்ள சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தையும் ‘சிமுலேட்டர்’ என்ற தனி நிரல் நடத்துகிறது. சதுரங்களை வரைபடத்தில் அடுக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். பெயரில் இருக்கும் கிரிட் இந்தக் கட்டம்தான். எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் முதல் சோதனையிலேயே தோல்வி. சுமையையும் பகிர்வதில்லை: ஒரு சதுரத்தில் கல்யாணக் கூட்டம் நெரிந்தாலும், காலியாகக் கிடக்கும் பக்கத்துச் சதுரம் கை கொடுக்காது. (ஈவ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் கூட்டம் மிஞ்சினால், விளையாட்டின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகம் வரை குறைத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்.)

சரி, ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்து போனால் என்ன ஆகிறது? எனக்கு இதுதான் விருந்து.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக மலேசியாவின் ஜொகூர் போகிறவர்களுக்கு எல்லை பழகிய விஷயம். செகண்ட் லைஃப் எல்லையில் ஒரு சலுகை உண்டு. நீங்கள் எல்லையை நெருங்கும் முன்பே, உங்கள் கணினி பக்கத்துச் சிமுலேட்டரோடும் தொடர்பு வைத்திருக்கிறது. அங்கே உங்களுக்கு ஒரு நிழல் உருவம் தயாராக நிற்கிறது. அதனால்தான் எல்லைக்கு அப்பாலுள்ள மரமும் வீடும் இங்கிருந்தே தெரிகின்றன. காலை எடுத்து வைத்ததும் பழைய சிமுலேட்டர் உங்கள் இடம், வேகம், தொப்பி, தொப்பிக்குள் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்புகிறது. ஸ்கிரிப்ட் பாதியில் நின்ற இடம்கூட மூட்டையில் போகிறது, அங்கே விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பிறகு நிழல் உருவம் நிஜமாகிறது, நிஜமாக இருந்தது நிழலாகிறது. இதற்கிடையே உங்கள் திரை சும்மா இருப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து உத்தேசமாக உங்களை நடக்க வைக்கிறது. மூட்டை தாமதமானால் தரைக்குள் புதைவீர்கள், ஆகாயத்தில் மிதப்பீர்கள், பிறகு சட்டென்று சரியான இடத்துக்கு இழுக்கப்படுவீர்கள்.

செகண்ட் லைஃப் போன்ற உலகங்களை யார் வேண்டுமானாலும் நடத்த உதவும், 2007இல் பிறந்த ஓப்பன்சிமுலேட்டர் என்ற மென்பொருளின் ஹைப்பர்கிரிட் வசதி இன்னும் ஒரு படி போகிறது. வெவ்வேறு ஆட்கள் தங்கள் சொந்தச் சர்வரில் நடத்தும் உலகங்களுக்கிடையே அவதாரங்கள், அதாவது நம் உருவங்கள், பயணம் செய்யலாம். கணக்கும் உடைமைகளும் சொந்த ஊரிலேயே இருக்கும். போன ஊர்ச் சர்வர் சொந்த ஊரிடம் விசாரித்து உள்ளே விடும். ஃபாஸ்டரின் முதல் சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் கணினிகளின் கணக்கிடும் வேலையை யாரும் பங்கிடுவதில்லை. என்னைக் கேட்டால் கிரிட்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

இந்தப் பெயர்க் குழப்பத்தில் பணமும் கலந்திருக்கிறது. ஒரு காலத்தில் கிரிட் என்று எழுதினால் ஆய்வு நிதி வந்தது, அப்புறம் கிளவுட், இப்போது ஏஐ. பெட்டிக்குள் நடக்கும் வேலையைப் பார்த்துப் பணம் கொடுத்தால் தேவலை.

பையன் தலைப்பை மாற்றிவிட்டான். நேற்று அடுத்த கேள்வியோடு வந்தான்: காரில் எல்லையைக் கடக்கும்போது கார் போய்ச் சேர்ந்து, ஆள் மட்டும் பின்தங்கிவிட்டால்? அது நிஜமாகவே நடக்கும். காரும் அதில் உட்கார்ந்திருப்பவரும் தனித்தனி மூட்டைகள்.