நியூட்ரலை எர்த்தோடு எங்கே கட்டுவது?

"வெளி மின்சாரம் இருக்கும்போது பிளக்கின் ஒரு துளையில்தான் டெஸ்டர் எரிகிறது. இன்வெர்ட்டருக்கு மாறியதும் இரண்டு துளையிலும் மங்கலாக எரிகிறது. இன்வெர்ட்டர் பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பழுதில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு துளைகளுக்கும் நடுவே 230 வோல்ட் ஒழுங்காகவே இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் 115-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் வரும். இரைச்சலை வடிகட்ட உள்ளே வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் செய்யும் வேலை அது. அந்த இன்வெர்ட்டரின் வெளியீட்டில் இரண்டு கம்பிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றில் ஒன்றை எர்த்தோடு இணைத்த பிறகுதான் அது நியூட்ரல் ஆகும், மற்றது ஃபேஸ் ஆகும்.

இணைக்காமல் விட்டால் என்ன? மின்சாரம் மண்ணுக்குள் போகத் துடிக்கிறது, கம்பியை அடித்துவிட்டால் மண் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் ஏராளம். சகுனத்தைக் கேலி செய்பவர்கள்கூட இதை நம்புகிறார்கள். மின்சாரத்துக்கு மண்ணில் ஒரு வேலையும் இல்லை. கிளம்பிய இடத்துக்கே அது திரும்பியாக வேண்டும். வெளி மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் கிளம்புகிறது. வழக்கமான அமைப்பில் அதன் நியூட்ரல் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். அதனால் வாஷிங் மெஷினின் உடலில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாகத் திரும்பிப் போக ஒரு பாதை உண்டு. இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது கிளம்பும் இடம் இன்வெர்ட்டர். அதன் வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் தொடர்பே இல்லையென்றால் சுற்று முடியாது. உடலில் ஃபேஸ் பட்டாலும் எதுவும் ட்ரிப் ஆகாது, யாருக்கும் தெரியாது.

'தொட்டாலும் ஷாக் அடிக்காதே, நல்லதுதானே?' என்று கேட்கலாம். முதல் கோளாறுக்கு மட்டும் அது உண்மை. அதற்குள் ஒரு கம்பி சொல்லாமல் கொள்ளாமல் எர்த் ஆகிவிட்டது. அதன் பிறகு மற்றக் கம்பியைத் தொடுகிறவருக்கு முழு 230 வோல்ட்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். இணைத்துவிட்டால் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. நொடியில் விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் தொடர்ந்து தருவது 13 ஆம்பியர். கொஞ்ச நேரத்துக்கு அதன் இரு மடங்கு தரலாம், அதற்கு மேல் போனால் தானே அணைந்துவிடும். எம்.சி.பி. எதிர்பார்க்கும் வெள்ளம் பேட்டரி வீட்டில் வரவே வராது. உயிரைக் காப்பது கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச்தான்.

அதன் உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்தே அதற்குள் நுழைந்து போகின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் வளையத்தில் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கோ கசிந்து 30 மில்லி ஆம்பியர் குறைந்து திரும்பினால், அந்த மிச்சப் புலம் வளையத்தில் சுற்றியுள்ள மெல்லிய சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி சுவிட்சைத் தட்டிவிடும். எவ்வளவு சுமை ஓடுகிறது என்ற கவலை அதற்கு இல்லை, வித்தியாசம் மட்டுமே அதற்குக் கணக்கு. ஆனால் கசிவு வளையத்துக்கு வெளியே, வேறு வழியாகத் திரும்பினால்தான் வித்தியாசம் வரும். அந்த வேறு வழிதான் நியூட்ரல்-எர்த் இணைப்பு. ஆகவே அது இன்வெர்ட்டருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி சுமைப் பக்கத்தில் கட்டிவிட்டால், கசிந்தது அந்த இணைப்பில் நியூட்ரலுக்குள் ஏறி, வளையம் வழியாகவே திரும்பும். போனதும் வந்ததும் சமம், கருவி குருடு.

இணைப்பு ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். வெளி மின்சாரத்தில் ஏற்கெனவே ஓர் இணைப்பு உண்டு. இன்வெர்ட்டரில் நிரந்தரமாக இன்னொன்று போட்டு, இரண்டு நியூட்ரலும் சேர்ந்திருந்தால், நியூட்ரலில் போக வேண்டியதில் ஒரு பங்கு எர்த் வயரில் ஓடும். அதற்கு முன்னால் உள்ள ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எரிச்சலில் அதைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு, அது இன்னும் மோசம். இதற்காகவே நல்ல இன்வெர்ட்டர்களில் ஒரு ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், இருக்கிறது. வெளி மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும், வந்ததும் பிரித்துவிடும். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கிறது. பேட்டரியின் பெருமைக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது!

சில எளிய இன்வெர்ட்டர்களில் ஃபேஸ் மட்டுமே மாறும், வெளி நியூட்ரல் வெட்டப்படாமல் அப்படியே கடந்து போகும். அங்கே தனி இணைப்பு தேவையில்லை. ஆனால் மெயின் சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டினால் அந்த நியூட்ரலும் போய்விடும். பேட்டரி பக்கத்தையும் 230 வோல்ட் வெளியீட்டுப் பக்கத்தையும் டிரான்ஸ்பார்மர் பிரிக்காத வகைகளோ வேறு ரகம். பேட்டரி நெகட்டிவ் எர்த் ஆகியிருக்கும்போது வெளியீட்டையும் எர்த் செய்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வெடித்துவிடலாம். தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்க்காமல் கம்பி போடவே கூடாது. போடுவதும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும்.

இணைப்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை நம்ப முடியாது. அது ஒரு மின்தடை வழியாக, சுமைப் பக்க ஃபேஸை மூலப் பக்க நியூட்ரலோடு இணைத்து, வளையத்தைச் சுற்றிக்கொண்டு போகும் செயற்கைக் கசிவை உண்டாக்குகிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் ட்ரிப் ஆகும். ஃபேஸிலிருந்து எர்த்துக்கு நிஜமாகவே கசியவிடும் பிளக் டெஸ்டர் வேண்டும். வெளி மின்சாரத்தில் ஒரு முறை, அதைத் துண்டித்து இன்வெர்ட்டரில் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை விழுந்து, இரண்டாம் தடவை விழாமல் நின்றால், பேட்டரியில் ஓடும் நேரத்தில் இணைப்பு இல்லை என்று பொருள்.