கேட்டு வாங்கும் குளிசை, கைவிடும் குளிசை

வெள்ளவத்தையில் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கும் மருந்தாளர் நான். குடல் அழற்சி நோய் (IBD) உள்ளவர்கள் பழைய மருந்துத் துண்டை நீட்டி, “பிரட்னிசோலோன் மட்டும் தாங்கோ” என்பார்கள். அது ஸ்டீரொய்ட் குளிசை. அதே துண்டில் இருக்கும் மெசலசீனைக் கேட்பவர்கள் குறைவு.

காரணம் விளங்குகிறது. மலத்தோடு இரத்தம் போய், இரவில் நாலைந்து தரம் எழும்பியவருக்கு பிரட்னிசோலோன் சில நாட்களிலேயே சுகம் காட்டும். மெசலசீன், அசதியோபிரின் போன்றவை அடங்கிய அழற்சி திரும்ப வராமல் பார்த்துக்கொள்பவை. வராத வருத்தத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? அசதியோபிரின் முழுதாக வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடும்.

இந்தத் தடுப்பு மருந்துகளை நிறுத்திய மறுநாளே வயிறு குழம்பினால் எவரும் நிறுத்த மாட்டார்கள். மாதங்கள் கழித்துக் குழம்பும்போது பழி முதல்நாள் சாப்பிட்ட கொத்து ரொட்டியின் மேல் விழும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இந்நோயின் ஒரு வகையான பெருங்குடல் புண் அழற்சி அடங்கியிருந்த 99 பேரைக் கவனித்தார்கள். மெசலசீனை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. பிரட்னிசோலோனுக்கோ அப்படித் தடுக்கும் ஆற்றல் இல்லை. நெடுநாள் எடுத்தால் எலும்பு தேயும், சீனி ஏறும். கன நாள் எடுத்தபின் சட்டென நிறுத்துவதும் ஆபத்து.

விலையும் ஒரு காரணம்தான். “பத்து நாளைக்குத் தாங்கோ, மிச்சம் சம்பளத்துக்குப் பிறகு” என்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கப் பழகியவர்களும் உண்டு. பணம்தான் பிரச்சினை என்றால் டொக்டரிடம் அதையே சொல்லுங்கள். விலை குறைந்த சல்பசலசீன் சிலருக்குப் பொருந்தும். சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். ஆனால் சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது. மூன்று வேளை மறந்துபோகிறது என்றாலும் கேளுங்கள். மெசலசீனைப் பலருக்கு ஒரே வேளையாக மாற்றித் தரலாம், நோன்பு காலத்திலும் அது வசதி. கர்ப்பம் என்றவுடன் எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் கட்டாயம் நிற்க வேண்டும், ஆனால் மெசலசீனைப் பொதுவாகத் தொடரலாம். நோய் கிளம்புவதுதான் குழந்தைக்குக் கூடுதல் ஆபத்து.

கிளினிக்கில் “ஒழுங்காகத்தான் எடுக்கிறேன்” என்று தலையாட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. டொக்டர் அதை நம்பினால், மெசலசீன் வேலை செய்யவில்லை என்றுதான் முடிவெடுப்பார். அடுத்து எழுதப்படுவது அசதியோபிரினாகவோ, அதைவிடப் பல மடங்கு விலையான இன்ஃப்ளிக்சிமாப் ஊசியாகவோ இருக்கும்.