'தேசிய ஊடகங்களில் சுவாமிகள்': அந்த ஃபிளெக்ஸ் வந்த கதை

சில வருடங்களுக்கு முன் ஒரு மடத்து மேனேஜர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கனமான ஆல்பம். பக்கத்துக்குப் பக்கம் சுவாமிகளும் மந்திரிகளும். "அறுபத்தஞ்சாவது ஜெயந்தி வருது சார். டெல்லிப் பேப்பர்ல எல்லாம் சுவாமிகள் வரணும்."

பி.ஆர். எனும் மக்கள் தொடர்புத் தொழிலில் இது அடிக்கடி கேட்பதுதான். டெல்லியில் இருக்கும் செய்தி ஆசிரியருக்கு ஜெயந்தி ஒரு செய்தியே இல்லை. அதை பக்தரிடம் சொல்வதுதான் சங்கடம். பேச்சுவாக்கில் தெரிந்தது, மடம் ஒரு இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறதாம். "அது பாட்டுக்கு ஓரமா நடக்குது சார்" என்றார். எனக்கு அதுதான் செய்தி.

பிரஸ் நோட்டுக்கு அவர் அனுப்பிய குறிப்பில் ஒரு வரி இருந்தது: சுவாமிகள் மந்திரித்துக் கொடுத்த தாயத்தால் பலருக்குச் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது. அந்த வரியை அடித்து நீக்கிவிட்டேன். அவருக்குக் கோபம். அவருடைய நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் மாய மருத்துவ விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரையும் உண்டு, புற்றுநோயும் உண்டு. பத்திரிகையில் காசு கொடுத்துப் போடுவது மட்டும் விளம்பரம் இல்லை. நோட்டீஸ், சுற்றறிக்கை, வாயால் அறிவிப்பது எல்லாமே அதில் சேர்த்தி. புகையால் காட்டினாலும் சேர்த்தி, நிஜமாகவே அப்படி எழுதியிருக்கிறார்கள்! முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

அப்புறம் 'பேக்கேஜ்'. பணம் கட்டினால் உங்கள் அறிக்கை எழுத்து மாறாமல் ஏகப்பட்ட செய்தித் தளங்களில் ஏறிவிடும். எந்த நிருபரும் அதற்காக ஒரு போன்கூடப் போட்டிருக்க மாட்டார். பி.டி.ஐ. செய்தி நிறுவனம் வழியாக வரும் இப்படிப்பட்ட அறிக்கைகளின் அடியில், இது ஓர் ஏற்பாட்டின்படி வந்தது, ஆசிரியர் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்று ஒரு வரி இருக்கும். அச்சுப் பத்திரிகை என்றால் 'அட்வெர்டோரியல்', 'இம்பாக்ட் ஃபீச்சர்' என்று மூலையில் பொடி எழுத்து. விளம்பரம் தனியாகத் தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சில் நெறி. மூக்குக்கண்ணாடி போட்டால் தெரியும். சந்தேகம் வந்தால் கட்டுரையின் ஒரு முழு வாக்கியத்தைக் கூகுளில் போடுங்கள். அதே வாக்கியம் பத்து இடத்தில் வந்தால் அது அந்தந்தத் தளத்தின் நிருபர் எழுதிய செய்தி இல்லை.

டயாலிசிஸ் மையத்துக்கு ஓர் ஆங்கில நாளிதழின் நிருபர் நேரில் வந்தார். நோயாளிகளிடம் சம்மதம் கேட்டுத்தான் படம் எடுத்தார், கணக்குப் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார். உள்பக்கத்தில் அரைப் பக்கம் வந்தது. படத்தில் டாக்டர், சுவாமிகளுக்கு இரண்டு வரி.

அடுத்த வாரமே மேனேஜர் வேறொரு ஏஜென்சியிடம் பேக்கேஜ் வாங்கிவிட்டார். மடத்து வாசலில் இப்போது பெரிய ஃபிளெக்ஸ், பத்துப் பன்னிரண்டு தளங்களின் ஸ்கிரீன்ஷாட்டோடு. அரைப் பக்கக் கட்டுரை அதில் இல்லை. எல்லா ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்தக் கடைசி வரியை மட்டும் கச்சிதமாக வெட்டியிருந்தார்கள்.